ஹெர்2: ரிப்போர்ட் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றாவது வரியில் விரலை வைத்து "இது என்னங்க?" என்று கேட்காமல் போகிறவர்கள் குறைவு. நான் திசுப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை டோஸ் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ரிப்போர்ட் என்ன சொல்கிறது, அதை வைத்து ஏன் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் இங்கே.

ஹெர்2ன்னா என்ன? நோயோட பேரா, மருந்து பேரா?

இரண்டும் இல்லை. அது ஒரு ஜீன். நம் எல்லோருடைய செல்லிலும் 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு பிரதிகள். இந்த ஜீன் உருவாக்கும் புரதத்துக்கும் அதே பெயர்தான். புரதம் செல்லின் மேல்தோலில், அதாவது சவ்வில், பாதி வெளியே பாதி உள்ளே என்று பதிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் "வளரு, பிரி" என்ற செய்தியை உள்ளே கடத்துவது அதன் வேலை.

ஹெர் குடும்பத்தில் நான்கு பேர். மற்றவை தங்களுக்கான வேதிப்பொருள் வந்து ஒட்டினால்தான் விழித்துக்கொள்ளும். ஹெர்2வுக்கு அப்படி ஒட்டும் பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அது எப்போதும் தயார் நிலையில் இருக்கும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஹெர்ருடன் ஜோடி சேர்ந்துவிடும். இந்த ஒரு குணம்தான் பின்னால் வரும் தொல்லைக்கெல்லாம் ஆரம்பம்.

எல்லாருக்கும் இருக்குன்னா எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?

ஜீன் இருப்பதில் பிரச்சினை இல்லை, எண்ணிக்கையில்தான் பிரச்சினை. சிலருடைய மார்பகச் செல் ஒன்றில் 17ஆம் குரோமோசோமின் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்பப் பிரதியெடுக்கப்பட்டுவிடுகிறது. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபது, முப்பது பிரதிகள்கூட வந்துவிடும். ஜீன் கூடினால் புரதமும் கூடும். சாதாரண செல்லின் சவ்வில் சில பத்தாயிரம் ஹெர்2 இருக்கும் என்றால், இந்தச் செல்லில் 20 லட்சம் வரை போகும். இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து, யாரும் சொல்லாமலே "பிரி, பிரி" என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குப் 15 முதல் 20 பேருக்கு இப்படி இருக்கிறது. அந்த ஒரு செல்லில் ஏன் பிரதி கூடியது என்பதற்குத் தனிநபர் அளவில் காரணம் சொல்ல முடியாது. அம்மா சாப்பிட்டது, சாப்பிடாதது என்று தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஒரு ரிப்போர்ட்ல ஹெர்2/நியூன்னு இருக்கு, இன்னொண்ணுல ஈ.ஆர்.பி.பி.2ன்னு இருக்கு. வேற வேற டெஸ்ட்டா?

ஒரே ஜீன்தான். 1980களில் எலியில் ஒரு குழுவும் மனிதரில் வேறு குழுக்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். எல்லாப் பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

பாசிட்டிவ்னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஸ்லேமன் குழு 189 மார்பகக் கட்டிகளை எடுத்துப் பார்த்தது. சுமார் 30 சதவீதத்தில் இந்த ஜீன் பெருகியிருந்தது. பெருகியிருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பி வந்தது, ஆயுளும் குறைந்தது. (அன்று 30 என்று வந்தது, இன்றைய கணக்கில் மேலே சொன்ன 15–20தான்.) அந்தக் காலத்தில் ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி, அவ்வளவுதான். நோயின் போக்கைச் சொல்லும், கையில் எதையும் தராது.

1998 செப்டம்பரில் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹெர்செப்டின் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகு அதே வரிக்கு வேறு பொருள் வந்துவிட்டது: இந்த மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று அது சொல்கிறது. 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளில், ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கீமோவோடு இதையும் கொடுத்தபோது நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆக, மருந்து எடுக்காவிட்டால் வேகமாக வளரும் வகை, எடுத்தால் குறிவைத்து அடிக்க வழி உள்ள வகை. இன்றைக்கு என்னைக் கேட்டால், பாசிட்டிவ் என்று பார்த்ததும் கவுன்ட்டரிலேயே அழ வேண்டிய அவசியம் இல்லை என்பேன். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி, அது இந்த வரியில் இருக்காது.

3+னு வந்திருக்கு. மூணாவது ஸ்டேஜா?

இல்லவே இல்லை. ஸ்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. முதல் ஸ்டேஜ் கட்டியிலும் 3+ வரும், நான்காம் ஸ்டேஜிலும் 0 வரும்.

இது சாயத்தின் அளவு. கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து ஸ்லைடில் ஒட்டி, ஹெர்2 புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, அது பிடித்த இடத்தைப் பழுப்பு நிறமாக்குவோம். இதுதான் ஐ.எச்.சி. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது 3+ ஸ்லைடைத் தவறவிட முடியாது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கெட்டியான பழுப்புக் கோடு, கோடோடு கோடு சேர்ந்து கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரி நிற்கும். கட்டிச் செல்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி முழுச்சுற்றும் அழுத்தமாகச் சாயம் ஏறியிருந்தால் 3+, அதாவது பாசிட்டிவ். சுற்றுக் கோடு முழுசாக வந்தும் வெளிறிக் கிடந்தால் 2+. அங்கங்கே அரைகுறையாக மங்கலாகத் தெரிந்தால் 1+. ஒன்றும் இல்லை, அல்லது 10 சதவீதம் தாண்டாத அளவுக்கு ஏதோ மங்கலாகத் தெரிகிறது என்றால் 0.

2+ வந்ததுக்கு இன்னொரு டெஸ்ட், அதுக்கு இன்னொரு பில். காசு பிடுங்கத்தானே?

கோபம் புரிகிறது, ஆனால் இந்த டெஸ்ட் தேவையானது. 2+ என்றால் சாயத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். அதனால் புரதத்தை விட்டுவிட்டு ஜீனையே எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஃபிஷ் என்ற டெஸ்ட்.

இருட்டறையில் ஒளிரும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்லின் நியூக்ளியஸ் நீலமாகத் தெரியும். அதற்குள் ஹெர்2 ஜீன் சிவப்புப் புள்ளி, 17ஆம் குரோமோசோமின் மையம் பச்சைப் புள்ளி. இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை என்றால் சாதாரணம். சிவப்பு கொத்துக் கொத்தாக இருந்தால் ஜீன் பெருகியிருக்கிறது. குறைந்தது 20 செல்களிலாவது எண்ணுவோம். சிவப்பைப் பச்சையால் வகுத்தால் 2 அல்லது அதற்கு மேல் வந்து, ஒரு செல்லுக்குச் சராசரியாக 4 சிவப்பாவது இருந்தால் பாசிட்டிவ். இந்த டெஸ்ட்டைத் தவிர்த்துவிட்டுக் குத்துமதிப்பாக மருந்து ஆரம்பித்தால், ஒரு வருடம் வீண் செலவாகலாம். ஆரம்பிக்காமல் விட்டால், பலன் கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமலே போகலாம்.

ஆபரேஷன் ஒரு ஊர்ல, வைத்தியம் ஒரு ஊர்ல. பிளாக்கை வாங்கிட்டு வான்னு அலைய விடறீங்களே, அது என்ன பிளாக்?

வெட்டியெடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டை மெழுகில் பதித்துப் பாதுகாத்து வைப்பதுதான் பிளாக். சின்ன பிளாஸ்டிக் சட்டத்துக்கு மேல் வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துண்டுச் சதை, ஓரத்தில் பென்சிலில் எழுதிய நம்பர். ஐ.எச்.சி., ஃபிஷ் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் சீவ வேண்டும். நோயாளியை மறுபடி குத்தாமல் டெஸ்ட் செய்ய ஒரே வழி இது. வண்டி டேஷ்போர்டில் வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு லேப்ல நெகட்டிவ், இன்னொரு லேப்ல பாசிட்டிவ். யாரை நம்பறது?

இப்படி நடப்பது உண்டு. காரணம் பெரும்பாலும் மைக்ராஸ்கோப்புக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். வெட்டியெடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில், அதாவது திசு அழுகாமல் காக்கும் திரவத்தில், போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? சலைனில் போட்டுத் தருகிறார்கள். கையளவு கட்டியை அரை டம்ளர் ஃபார்மலினில் திணித்து அனுப்புகிறார்கள். சனிக்கிழமை மாலை ஆபரேஷன் முடிந்தது, செவ்வாய்க்கிழமை மதியம்தான் டப்பா வந்து சேர்கிறது. நடுப்பகுதி அழுகியிருந்தால் எந்த ஆன்டிபாடி ஊற்றினாலும் நம்பகமான சாயம் வராது. உலகத்தரமான மருந்து பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பத்து ரூபாய் ஃபார்மலின் பற்றி யாரும் பேசுவதில்லை.

கட்டியின் ஒரு பகுதியில் ஜீன் பெருகியும் மறு பகுதியில் பெருகாமலும் இருப்பதும் உண்டு. ஊசியில் எடுத்த துண்டு ஒன்று சொல்லும், ஆபரேஷனில் வந்த முழுக்கட்டி வேறு சொல்லும். இரண்டு முடிவு வந்தால் இரண்டு லேப்பின் ஸ்லைடுகளையும் பிளாக்கையும் ஒரே நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுத்து ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது லேப்பில் புதிதாக ஆரம்பிப்பதைவிட அது நல்லது.

ரத்தத்துல பார்த்துச் சொல்ல முடியாதா? ஊசி குத்தவே பயப்படறாங்க.

ஹெர்2வின் வெளிப்பாகம் கொஞ்சம் உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும், அதை அளக்கவும் முடியும். ஆனால் அதை வைத்து மருந்தை ஆரம்பிப்பதோ நிறுத்துவதோ கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல். கட்டியில் பார்ப்பதற்கு இன்றைக்கு மாற்று இல்லை.

நான் மூத்த பொண்ணு. எனக்கும் இது வருமா? நானும் ஹெர்2 டெஸ்ட் எடுக்கணுமா?

வேண்டாம். ஜீன் பெருகியது அம்மாவின் கட்டியில்தான், அவருடைய கருமுட்டையில் இல்லை. பிள்ளைகளுக்கு அது போகாது. உங்கள் ரத்தத்தை எடுத்து ஹெர்2 பார்த்தால் வழக்கமான இரண்டு பிரதிகள்தான் இருக்கும்.

பரம்பரையாக வருவது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 போன்ற ஜீன்களின் பிழை. பி.ஆர்.சி.ஏ.1உம் அதே 17ஆம் குரோமோசோமில் இருப்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே வந்தது, அல்லது குடும்பத்தில் மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் பலருக்கு இருக்கிறது என்றால் மரபணு ஆலோசனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது தனிக் கேள்வி.

ஹெர்செப்டின் கீமோதானே? முடி கொட்டுமா?

கீமோ இல்லை. வேகமாகப் பிரியும் செல் எதுவாக இருந்தாலும் கீமோ அடிக்கும், அதனால்தான் முடி கொட்டுகிறது. டிராஸ்டுசுமாப் ஓர் ஆன்டிபாடி. ஹெர்2வின் வெளிப்பாகத்தில் போய் ஒட்டிக்கொண்டு "பிரி" என்ற செய்தியைத் தடுக்கிறது. அதோடு, ஒட்டிய செல்லை நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. லேப்பில் நாங்கள் ஸ்லைடில் ஊற்றும் ஆன்டிபாடியும் இந்த மருந்தும் ஒரே வகைப் பொருள்தான். ஒன்று அடையாளம் காட்ட, மற்றொன்று அடக்க.

தனியாகக் கொடுத்தால் முடி கொட்டாது. பெரும்பாலும் கீமோவோடு சேர்த்துத் தொடங்குவதால் அந்த மாதங்களில் கொட்டும். பெர்டுசுமாப் என்ற இன்னொரு ஆன்டிபாடி ஹெர்2 ஜோடி சேரும் இடத்தையே மறைக்கிறது (முதல் பதிலில் சொன்ன ஜோடி). பரவிய நோயில் கீமோவும் டிராஸ்டுசுமாபும் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 40.8 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள் என்றால், இதையும் சேர்த்துக் கொடுத்தபோது அது 56.5 மாதமானது.

விலை குறைஞ்ச நம்ம ஊர் மருந்து தர்றாங்க. அது டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை, பயோசிமிலர். உயிருள்ள செல்களை வளர்த்து எடுக்கும் மருந்து என்பதால் மாத்திரை மாதிரி அச்சு அசலாக நகல் எடுக்க முடியாது. ஆனால் பலனிலும் பாதுகாப்பிலும் மூல மருந்துக்கு ஈடாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் டிராஸ்டுசுமாப் இந்தியாவில் 2014இல் வந்தது. மைலான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய அதே மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது, அங்கே முதல் டிராஸ்டுசுமாப் பயோசிமிலர் அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எந்தக் கம்பெனி மருந்தானாலும் பில்லோடு வாங்குங்கள், ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு போங்கள்.

இதயத்தைப் பாதிக்குமாமே? ஏற்கெனவே பி.பி. இருக்கு.

பாதிக்கலாம். இதயத் தசைச் செல்லிலும் ஹெர்2 இருக்கிறது, அங்கே அது செல்லைத் தாங்கிப் பிடிக்கும் நல்ல வேலையைச் செய்கிறது. மருந்துக்குக் கட்டியில் இருப்பது எது, இதயத்தில் இருப்பது எது என்று தெரியாது. ஆரம்பகால ஆய்வில் ஆந்த்ராசைக்ளின் என்ற வகைக் கீமோவோடு ஒரே சமயத்தில் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயச் செயல்பாடு குறைந்தது. அதற்குப் பிறகு இரண்டையும் பொதுவாக ஒரே சமயத்தில் கொடுப்பதில்லை, ஒன்று முடிந்துதான் மற்றது.

அதனால்தான் ஆரம்பிக்கும் முன் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்), அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. குறைந்தால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள், பெரும்பாலானவர்களுக்கு இதயம் தேறிவிடும். பி.பி. இருப்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். எக்கோவைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு வருஷம் எதுக்கு? ஆறு மாசம் போதும்னு படிச்சேன்.

முதல் ஆய்வுகளில் ஒரு வருடம் என்று வைத்தார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்ததில் கூடுதல் பலன் இல்லை. ஆறு மாதம் பற்றிய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பிரான்சில் நடந்த ஆய்வு ஆறு மாதம் ஈடாகாது என்ற பக்கம் சாய்ந்தது, பிரிட்டனில் நடந்தது ஈடாகும் என்றது. ஒரு வருடம்தான் இன்றும் பொது நடைமுறை. காசு இல்லாமல் நடுவில் நிறுத்த வேண்டிய நிலை வந்தால், ஊசிக்கு வராமல் நின்றுவிடாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குறைந்த காலத்துக்கும் ஆய்வு ஆதாரம் இருப்பது அவருக்குத் தெரியும்.

அக்காவுக்கு 1+, நெகட்டிவ்னு சொன்னீங்க. இப்ப 'ஹெர்2 லோ'ன்னு சொல்லி ஹெர்2 மருந்து எழுதறாங்க. யார் சொன்னது சரி?

இரண்டும் சரி. சாதாரண டிராஸ்டுசுமாப் 1+ கட்டியில் பலன் தராது, ஏனென்றால் அந்தக் கட்டி ஹெர்2வை நம்பி வளரவில்லை. அந்தக் கணக்கில் அது நெகட்டிவ்தான். ஆனால் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் வேறு விதம். ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் சுமார் எட்டு கீமோ மூலக்கூறுகள் கட்டப்பட்டிருக்கும். சவ்வில் கொஞ்சம் ஹெர்2 இருந்தால் போதும், அதைப் பிடித்து உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிடும். பக்கத்துச் செல்லுக்கும் அது கசியும்.

2022இல் வெளியான ஆய்வில், பரவிய நோயில் 1+, அல்லது 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதமானது. மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி இந்த வகையில் அடங்கும். இதனால் எங்கள் வேலையும் மாறியது. முன்பெல்லாம் 0, 1+ இரண்டும் ஒன்றுதான் என்று கடந்துபோவோம். இப்போது அந்த மங்கலான கோட்டை உயர் லென்சில் தேட வேண்டியிருக்கிறது. பழைய ரிப்போர்ட்டில் வெறுமனே 'நெகட்டிவ்' என்று மட்டும் இருந்தால் 0வா, 1+ஆ, 2+ஆ என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்த ஆய்வில் 12 சதவீதம் பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது, சிலர் இறந்தும்போனார்கள். இந்த மருந்து எடுப்பவருக்குப் புதிதாக வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் சளி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். விலையும் அதிகம், 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளில் இது ஒன்று.

மூணு வருஷம் கழிச்சு எலும்புல வந்திருக்கு. பழைய ரிப்போர்ட் இருக்கும்போது மறுபடி ஏன் பயாப்ஸி?

கட்டி மாறியிருக்கலாம். பாசிட்டிவாக இருந்தது நெகட்டிவாகும், நெகட்டிவாக இருந்தது லோ ஆகும். எலும்புத் துண்டை மென்மையாக்க ஆசிடில் ஊற வைப்பது வழக்கம், அது ஃபிஷ்ஷைக் கெடுக்கும். ஹெர்2 பார்க்க வேண்டும் என்று ஃபாரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், முடிந்தவரை வேறு வழியில் செய்வார்கள்.

வயித்துல கேன்சருக்கும் ஹெர்2 பார்க்கச் சொல்றாங்களே?

சரிதான். இரைப்பைப் புற்றுநோயில் ஒரு பகுதியினருக்கு இதே ஜீன் பெருகியிருக்கும். 2010இல் வெளியான ஆய்வில் கீமோவோடு டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. மார்பகத்தில் கிடைத்த அளவுக்குப் பலன் இல்லை. ஸ்லைடு படிக்கும் விதியும் வேறு. இரைப்பைச் செல்லில் சாயம் பெரும்பாலும் முழுச்சுற்றும் வராது, அடிப்பக்கமும் பக்கவாட்டும் வந்தாலே கணக்கு.

நுரையீரலில் கதை மாறுகிறது. அங்கே முக்கியமாகப் பார்ப்பது ஜீனின் எண்ணிக்கையை இல்லை, எழுத்துப் பிழையை. அதனால் ஐ.எச்.சி. போதாது, ஜீன் வரிசையைப் படிக்க வேண்டும்.

ஒரு ஜீனுக்கு இவ்வளவு மருந்துன்னா, மத்த கேன்சர் ஜீனுக்கெல்லாம் ஏன் இல்ல?

ஹெர்2வில் பல வசதிகள் ஒன்றாக அமைந்துவிட்டன. புரதம் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆன்டிபாடி எட்டிப் பிடிக்கலாம். கட்டியில் இருக்கும் அளவுக்கும் மற்ற உறுப்புகளில் இருக்கும் அளவுக்கும் பெரிய வித்தியாசம். ஜீன் பெருகிய கட்டி அதை நம்பியே வாழ்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்குப் பலிக்கும் என்பதை மருந்து கொடுக்கும் முன்பே ஒரு ஸ்லைடில் பார்த்துவிடலாம். எல்லா நோயாளிகளையும் கலந்து ஆய்வு செய்திருந்தால், 100 பேரில் 80 பேருக்குப் பலிக்காத மருந்து என்று 1990களிலேயே ஓரம்கட்டியிருப்பார்கள்.

மற்ற ஜீன்கள் இப்படி ஒத்துழைப்பதில்லை. கேராஸ் புரதம் செல்லுக்கு உள்ளே இருக்கிறது, மருந்து போய் உட்காரப் பள்ளமே இல்லாத வழவழப்பு. 1980களில் கண்டுபிடித்த ஜீனுக்கு 2021இல்தான் முதல் மருந்து வந்தது, அதுவும் அதன் ஒரே ஒரு வகைப் பிழைக்கு மட்டும். பி53 இன்னும் கஷ்டம். அங்கே வேலை செய்ய வேண்டிய புரதம் வேலை செய்வதை நிறுத்தியிருக்கிறது. அளவுக்கு மீறி ஓடுவதைத் தடுப்பது ஒன்று, நின்றுபோனதை மறுபடி ஓட வைப்பது வேறு.

ஹெர்2விலும் எட்டாத மூலைகள் உண்டு. ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, மூளைக்குள் எளிதில் நுழையாது. உடம்பில் நோய் அடங்கியிருக்கும்போதே மூளையில் முளைப்பதற்கு அது ஒரு காரணம். 2020இல் அனுமதி பெற்ற டுகாட்டினிப் என்ற மாத்திரை சின்ன மூலக்கூறு, சவ்வின் உள்பக்கமாகப் போய் ஹெர்2வைத் தடுக்கிறது. மூளையில் பரவியவர்களையும் சேர்த்துத்தான் அதன் ஆய்வையே நடத்தினார்கள், அவர்களுக்கும் பலன் கிடைத்தது.